ஒரு பொய், ஒரு மீசை, ஒரு மாமனார்: ஆள்மாறாட்ட காமெடி படங்கள் 80 வருஷமா சலிக்காமல் ஓடுவது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கிற சேக்காட்டில் ஒரு வீடு. சாப்பாடு முடிந்து, ஃபேன் காற்றில் எல்லோரும் ஹாலிலேயே சாய்ந்திருக்கிறார்கள். டிவியில் 'தில்லு முல்லு'. தாத்தாவுக்கு அடுத்த வசனம் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். போனைப் பார்த்துக்கொண்டே பாதிக் கண்ணால் டிவி பார்க்கும் காலேஜ் பையனுக்கும் தெரியும். ஆனாலும் ஒட்டு மீசை விழப்போகிற நேரத்தில் மூன்று பேருமே ஒன்றாகச் சிரிக்கிறார்கள்.

இது சேக்காட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. அம்பத்தூர், பூந்தமல்லி, மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று தமிழ்ச் சேனல் ஓடும் எந்த வீட்டிலும் நடப்பதுதான். சூப்பர்ஹிட் ஆக்‌ஷன் படங்கள் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். அழவைத்த குடும்பப் படங்கள் சில, இன்று பார்த்தால் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யும், 1981-ல் வந்த 'தில்லு முல்லு'வும், 1990-ல் வந்த 'மைக்கேல் மதன காமராஜ'னும் இன்னும் ஃப்ரெஷ்ஷாகவே இருக்கின்றன. என்ன காரணம்? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

'ஸ்க்ரூபால் காமெடி' என்றால் என்ன?

இந்த வகைப் படங்களுக்கு ஹாலிவுட் வைத்த பெயர் 'ஸ்க்ரூபால் காமெடி'. பேஸ்பால் விளையாட்டில் இருந்து வந்த சொல் இது. வழக்கமான பந்து ஒரு பக்கம் வளையும் என்று எதிர்பார்த்தால், ஸ்க்ரூபால் எதிர்ப்பக்கம் வளையும். 1930-களில் கார்ல் ஹப்பெல் என்ற பந்துவீச்சாளர் இதைப் பிரபலமாக்கினார். நம்ம ஊர் கிரிக்கெட் பாஷையில் சொன்னால், 'தூஸ்ரா' மாதிரி. 'ஸ்க்ரூபால்' என்றால் கொஞ்சம் கழண்ட ஆள் என்றும் அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஒரு அர்த்தம் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் இந்தப் படங்கள்.

இதன் அடையாளங்கள் மிக எளிமையானவை:

• ஒரு ஆணும் பெண்ணும் எலியும் பூனையுமாகச் சண்டை போடுவார்கள். கடைசியில் அதுதான் காதல் என்று தெரியும்.
• யாரோ ஒருவர் ஒரு பொய் சொல்வார். அல்லது வேறு ஆளாக நடிப்பார்.
• ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் கதையின் நடுவே உட்கார்ந்திருக்கும்.
• வசனம் வேகமாக வரும். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பிப்பார்.
• வில்லன் என்று பெரிதாக யாரும் இருக்க மாட்டார்கள். பொய்தான் வில்லன்.

தடுக்கி விழுவது, அடிவாங்குவது மாதிரி உடம்பால் வரும் சிரிப்பு 'ஸ்லாப்ஸ்டிக்'. இது அது இல்லை. இங்கே சிரிப்பு சூழ்நிலையிலும் பேச்சிலும் இருக்கிறது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது?

1934-ல் ஃப்ராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அப்பாவை எதிர்த்து வீட்டை விட்டு ஓடும் பணக்காரப் பெண், வேலை போன ஒரு பத்திரிகை நிருபர், ஒரு பஸ் பயணம். அவ்வளவுதான் கதை. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று முக்கியமான ஐந்து ஆஸ்கரையும் அள்ளியது.

அப்போது அமெரிக்கா இருந்த நிலை முக்கியம். 1929-ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில், 1933 வாக்கில் ஏறக்குறைய நான்கு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் பணக்காரர்களைக் கோமாளியாகக் காட்டும் படம் வந்தால் கூட்டம் வராமல் இருக்குமா? இன்னொன்றும் நடந்தது. 1934 நடுவில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாயின. நெருக்கமான காட்சிகளுக்கு வழியில்லை. அதனால் முத்தத்தின் இடத்தில் வாய்ச்சண்டை வந்தது. காதலைச் சொல்ல முடியாத இடத்தில் சண்டையைக் காட்டினார்கள்.

தமிழ் சினிமா ரசிகருக்கு இது நல்லா பழக்கமான விஷயம்தானே? நம் படங்களும் பல காலம் இப்படித்தான் காதலைச் சொன்னன. அந்தப் படத்தின் கதை சென்னைக்கும் வந்தது. ராஜ்கபூர், நர்கிஸ் நடித்து 1956-ல் வெளியான 'சோரி சோரி' இந்திப் படம் அதே கதைதான். தயாரித்தது நம்ம ஏவிஎம்.

தமிழில் முதல் சிரிப்பு: இரண்டு சபாபதி

தமிழில் இந்த ரூட்டுக்கு முன்னோடி, 1941 டிசம்பரில் வந்த 'சபாபதி'. ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் இயக்கியது. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம்தான் மூலம். டி.ஆர்.ராமச்சந்திரன் விவரம் போதாத பணக்கார வீட்டுப் பையன். காளி என்.ரத்தினம் அவனுடைய வேலைக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், சபாபதி. சோடாவை உடைத்துக் கொண்டுவா என்றால் பாட்டிலையே உடைக்கிற ரகம் அந்த வேலைக்காரன்.

படம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப்போர் ஆசியாவுக்குள் வந்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் குண்டு விழுமோ என்ற பயத்தில் மதராஸை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அந்தக் காலத்து மக்களுக்குக் கிடைத்த சிரிப்பு இது. நிம்மதியான நேரத்தில்தான் நல்ல காமெடி வரும் என்பதில்லை.

பின்னாளில், 2002-ல் கமல்ஹாசனும் சிம்ரனும் நடித்த படத்துக்கு 'பம்மல் கே.சம்பந்தம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த நாடகாசிரியரை நினைவுபடுத்தும் பெயர் அது.

மிஸ்ஸியம்மா: வேலைக்காக ஒரு பொய்க் கல்யாணம்

1955 ஜனவரி. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. நாடு எந்தப் பொருளாதாரப் பாதையில் போக வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதே மாதம், பொங்கலை ஒட்டித் தியேட்டர்களில் 'மிஸ்ஸியம்மா' வெளியானது. எல்.வி.பிரசாத் இயக்கம், விஜயா புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. அந்தப் படத்திலும் பொருளாதாரம்தான் பிரச்சினை. ஆனால் அது இரண்டு பேரின் பொருளாதாரம்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் தேவை. நிபந்தனை: பட்டம் படித்த கணவன் மனைவியாக இருக்க வேண்டும். ஜெமினி கணேசனுக்கு வேலை இல்லை. சாவித்திரிக்குத் தலைக்கு மேல் கடன். கடன் கொடுத்தவன் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி நெருக்குகிறான். அவர் இந்து, இவர் கிறிஸ்தவர். இரண்டு பேரும் கணவன் மனைவி என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்கிறார்கள்.

அதற்குப் பிறகு கதையை எழுத்தாளர் தள்ள வேண்டியதே இல்லை. ஒரே வீட்டில் இருக்க வேண்டும். ஊர் முன்னால் அன்பாகப் பேச வேண்டும். கதவைச் சாத்தியதும் சண்டை. ஜெமினி பக்கத்தில் இன்னொரு பெண் வந்து பாட்டுக் கற்றுக்கொண்டால், பொய் மனைவிக்கு நிஜக் கோபம் வருகிறது. நடிப்பு எங்கே முடிந்தது, காதல் எங்கே ஆரம்பித்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. இதே படம் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', இந்தியில் 'மிஸ் மேரி'.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் குறும்புக்காகப் பொய் சொல்லவில்லை. வேலைக்குத் தம்பதியாக இருக்க வேண்டும் என்று எவரோ ஒரு விதி வைத்தார். விதி அபத்தமாக இருக்கிறது. அதனால் பொய்யும் அபத்தமாகிறது. படம் பார்ப்பவர் பொய் சொன்னவர் பக்கம் நிற்பது இதனால்தான். தமிழின் நல்ல ஆள்மாறாட்டப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திவாரம்.

காதலிக்க நேரமில்லை: அப்பாவை வளைக்கும் கலை

அடுத்த பெரிய பாய்ச்சல் 1964-ல். ஸ்ரீதர் இயக்கம், கூடவே எழுத்தில் சித்ராலயா கோபு. முழு நீளக் கலர் படம். கண்ணீர்க் காவியங்களுக்குப் பெயர் வாங்கிய ஸ்ரீதர், கண்ணீரே இல்லாமல் ஒரு படம் எடுத்தார்.

எஸ்டேட் முதலாளி டி.எஸ்.பாலையா. அவருக்கு இரண்டு மகள்கள், ஒரு மகன். வேலையை விட்டு நீக்கப்பட்ட ரவிச்சந்திரன், முதலாளியின் மகளைக் காதலிக்கிறார். மாப்பிள்ளை பெரிய இடத்துப் பையனாக இருக்க வேண்டும் என்பது பாலையாவின் எதிர்பார்ப்பு. அதனால் ரவிச்சந்திரன் கோடீஸ்வரர் மகனாகிறார். கோடீஸ்வர அப்பாவாக வேஷம் போட்டு வருவது நண்பன் முத்துராமன். வந்து பார்த்தால், முத்துராமன் காதலிக்கும் பெண் பாலையாவின் இன்னொரு மகள்! காதலி முன்னால் இளைஞன், காதலியின் அப்பா முன்னால் கிழவர்.

நடுவில் நாகேஷ், கையில் காசே இல்லாமல் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சியை இன்று போனில் பார்த்தாலும் ஒரு விஷயம் தெரியும். அதில் கதை சொல்பவரைவிடக் கேட்பவர்தான் முக்கியம். நாகேஷ் சத்தம் போடப் போட, பாலையா முகம் மாறுவதில்தான் சிரிப்பு. எதிரே நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

தமிழ் இலக்கணம் இதை எப்போதோ கவனித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், சிரிப்பு நான்கு வகையில் பிறக்கும் என்கிறது. கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, நான்காவதாக மடமை. மடமை என்றால் முட்டாள்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். சொன்னதை அப்படியே நம்பி, நம்பியதை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் என்று அதற்கு உரைகாரர்கள் விளக்கம் சொல்வார்கள். பாலையாவையும் 'தில்லு முல்லு' தேங்காய் சீனிவாசனையும் இதைவிடச் சரியாக விவரிக்க முடியாது.

தில்லு முல்லு: ஒரு பொய் எப்படிக் குட்டி போடும்?

1979-ல் ஹ்ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'கோல்மால்' இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'தில்லு முல்லு'. கே.பாலசந்தர் இயக்கம், வசனம் விசு. ஆக்‌ஷன் ஹீரோவாக வளர்ந்துகொண்டிருந்த ரஜினிகாந்த்துக்கு முதல் முழுநீள காமெடி.

பொய் எப்படி வளர்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள்:

1. வேலை வேண்டும். முதலாளிக்கோ மீசை வைத்த, விளையாட்டுப் பைத்தியம் இல்லாத, பழைய காலத்து ஒழுக்கசாலிதான் பிடிக்கும். ரஜினி அப்படியே போய் நிற்கிறார். வேலை கிடைக்கிறது.
2. அம்மாவைக் காரணம் காட்டி லீவு போட்டு மேட்ச் பார்க்கப் போகிறார். முதலாளி பார்த்துவிடுகிறார்.
3. 'அது நான் இல்லை, மீசை இல்லாத என் தம்பி' என்று சமாளிக்கிறார். இப்போது ஒரு தம்பி பிறந்துவிட்டான்.
4. அந்தத் தம்பியை முதலாளி தன் மகளுக்குப் பாட்டு வாத்தியாராக வரச் சொல்கிறார். மீசையை எடுக்க வேண்டும். அப்புறம் ஆபீஸுக்கு ஒட்டு மீசை.
5. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறார் முதலாளி. அம்மாவாக நடிக்க சௌகார் ஜானகி வருகிறார்.
6. மகளுக்குப் பிடித்தது மீசை இல்லாதவனை. அப்பாவுக்குப் பிடித்தது மீசை வைத்தவனை.

ஒவ்வொரு படியிலும் ரஜினிக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கிறது. சொன்னால் வேலை போய்விடும். அதனால் இன்னொரு பொய். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கதைதான் இது. தவணை கட்டும் எந்த வீட்டுக்கும் இந்த டென்ஷன் புதுசு இல்லை.

நாம் சிரிப்பதற்கு இன்னொரு காரணம், எல்லா ரகசியமும் நமக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. மகளுக்குப் பாதி தெரியும். நமக்கு மட்டும் முழுசா தெரியும். சஸ்பென்ஸ் படத்தை ஒருமுறை பார்த்தால் ரகசியம் போய்விடும். இந்த வகைப் படத்தில் ரகசியம் முதலிலிருந்தே நம் கையில். அதனால்தான் பத்தாவது தடவை பார்த்தாலும் எதுவும் குறைவதில்லை.

சபா மேடையும் கிரேஸி மோகனும்

தமிழில் இந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அது சென்னையின் சபா நாடகங்கள். 'காசேதான் கடவுளடா' படமாவதற்கு முன் மேடையில் ஓடியது. மேடையில் குளோசப் கிடையாது, வெளியூர் லொகேஷன் கிடையாது. ஒரு ஹால் செட், இரண்டு கதவு. ஒருவர் இந்தக் கதவால் போனதும் இன்னொருவர் அந்தக் கதவால் வர வேண்டும். பேச்சு ஒரு நொடி தொய்ந்தால் கூட்டம் இருமத் தொடங்கிவிடும். அந்தப் பயிற்சியில் வந்தவர்கள்தான் விசு, கிரேஸி மோகன் எல்லாம்.

கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர் கிரேஸி மோகன். 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' அவருடைய வசனத்துக்குச் சரியான உதாரணம். இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். நான்கு கமல்: ஒரு திருடன், ஒரு தொழிலதிபர், ஒரு சமையல்காரர், ஒரு தீயணைப்பு வீரர். நான்கு பேருக்கும் நான்கு விதப் பேச்சு. சமையல்காரர் காமேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழ் பேசுவார். ஆள் மாறியது முகத்தில் தெரியாது, பேச்சில்தான் தெரியும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார். அந்த அர்த்தத்தில் பதில் வரும். அதை மூன்றாவது ஆள் இன்னொரு பக்கம் இழுப்பார். கிரேஸி மோகன் முறை இதுதான். சிலேடையில் காளமேகம் செய்ததைச் சாப்பாட்டு ஹாலுக்கும் ஆபீஸ் ரூமுக்கும் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். முதல் தடவை பார்க்கும்போது பாதி ஜோக் ஓடிப்போய்விடும். இன்னொரு தடவை பார்க்க வைப்பது அந்தப் பாதிதான்.

இவையெல்லாம் காதால் கேட்டே ரசிக்கக்கூடிய படங்களும்கூட. வீட்டில் டிவி இல்லாத காலத்தில் ரேடியோவில் 'ஒலிச்சித்திரம்' வரும். கதை வசன கேசட்டும் விற்றது. படத்தைப் பார்க்காமலே வசனத்தை மனப்பாடம் செய்த ஒரு தலைமுறையே உண்டு. இன்று சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், கூட்டத்தில் போனை வெளியே எடுக்க முடியாமல் இயர்போனில் மட்டும் காமெடி கேட்டுக்கொண்டு வருபவர்கள் அதன் வாரிசுகள்.

அவ்வை சண்முகி: சிரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது?

1996-ல் கே.எஸ்.ரவிகுமார் இயக்கிய 'அவ்வை சண்முகி', ஹாலிவுட்டின் 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தைத் தழுவியது. விவாகரத்தான அப்பா, தன் குழந்தையுடன் இருப்பதற்காக, மாமி வேஷம் போட்டு மனைவி வீட்டுக்கே வேலைக்குப் போகிறார்.

தமிழுக்கு வரும்போது கதையில் ஒன்று கூடியது: சாதி. கமல் சினிமாவில் டான்ஸ் வேலை பார்ப்பவர். மாமனார் பணக்கார ஐயர். அந்த வீட்டுக்குள் நுழைய, பெண் வேஷம் மட்டும் போதாது, மாமியாகவும் ஆக வேண்டியிருக்கிறது. அதே வீட்டில் சமையல்காரராக இருக்கும் நாசரின் பாத்திரம் ஒரு முஸ்லிம். வேலைக்காக வாய் பேச முடியாத பிராமணராக நடிக்கிறார். பேசினால் மாட்டிக்கொள்வார், அதனால் பேசுவதில்லை. படத்தில் அது காமெடி. வெளியே வந்து யோசித்தால், சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

அந்த மாமனார் வேஷத்தில் யார் தெரியுமா? ஜெமினி கணேசன். 1955-ல் வேலைக்காக மதம் தாண்டிப் பொய்க் கணவனாக நடித்தவர், 41 வருஷம் கழித்து, மருமகனின் சாதி பார்க்கும் மாமனாராக வந்து, மாமியிடம் மயங்கி ஏமாறுகிறார். மூலப் படத்தில் பிரிந்த தம்பதி மறுபடி சேர்வதில்லை. தமிழில் சேர்த்து வைத்துவிட்டார்கள். இங்கே குடும்பம் உடைந்த நிலையில் ரசிகரை வீட்டுக்கு அனுப்ப அப்போது தைரியம் இல்லை.

எந்தப் படத்தில் எதற்காகப் பொய்?

• சபாஷ் மீனா (1958): அப்பா மெட்ராஸுக்கு அனுப்புகிறார், சிவாஜி தனக்குப் பதிலாக சந்திரபாபுவை அனுப்புகிறார்.
• காசேதான் கடவுளடா (1972): வீட்டுப் பணம் முழுக்க சித்தி மனோரமாவின் கையில், டீக்கடைக்காரர் தேங்காய் சீனிவாசன் சாமியாராகிறார்.
• மகளிர் மட்டும் (1994): தொல்லை கொடுக்கும் மேலதிகாரி, ஊர்வசி, ரேவதி, ரோகிணி மூவரும் சேர்ந்து சமாளிக்கிறார்கள். பிணமாக நாகேஷ்.
• உள்ளத்தை அள்ளித்தா (1996): கார்த்திக்கும் கவுண்டமணியும் ஒரே பணக்காரப் பெண்ணுக்குப் போட்டி, நடுவில் இரட்டை மணிவண்ணன்.
• பஞ்சதந்திரம் (2002): மனைவியிடம் மறைக்கும் ஐந்து நண்பர்கள், சின்ன பொய் பெங்களூரு வரை போகிறது.

வேலை, பணம், கல்யாணம், வீடு. வரிசையாகப் பார்த்தால் இந்த நான்கைத் தாண்டி எதுவும் இல்லை.

பெண்கள் எங்கே?

இந்த வகையில் ஹாலிவுட்டுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே குழப்பத்தைக் கிளப்புவது பெரும்பாலும் கதாநாயகி. 1938-ல் வந்த 'பிரிங்கிங் அப் பேபி'யில் கேத்தரின் ஹெப்பர்ன் ஒரு சிறுத்தையோடு வந்து ஹீரோவின் வாழ்க்கையைத் தலைகீழாக்குவார். 1940-ல் வந்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில், மூல நாடகத்தில் ஆணாக இருந்த நிருபர் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றினார்கள். படமே வேறு உயரத்துக்குப் போனது.

தமிழில் பொய் சொல்லும் உரிமை பெரும்பாலும் ஆண்களுக்கே. ஹீரோவும் ஹீரோயின் அப்பாவும் மோதிக்கொள்வார்கள். நாயகி நடுவில் பரிசுக் கோப்பை மாதிரி நிற்பார். கோபக்கார 'மிஸ்ஸியம்மா' சாவித்திரி, 'மகளிர் மட்டும்' மூவர், 'மைக்கேல் மதன காமராஜ'னின் ஊர்வசி போன்றவர்கள் விதிவிலக்கு. அவர்கள் வரும் காட்சிகள்தான் இன்றும் புதுசாகத் தெரிகின்றன என்பது தற்செயல் இல்லை.

இதே படங்களில் இன்று பார்க்கும்போது நெளிய வைக்கும் இடங்களும் உண்டு. உருவக் கேலி, நிறக் கேலி, பெண் வேஷம் போட்டாலே அதை வைத்து அடிக்கும் ஜோக்குகள். காலம் தாண்டி நிற்பது சூழ்நிலை காமெடி. காலாவதியாவது ஆளைக் குறிவைத்த காமெடி.

அப்படியானால் ஏன் இன்னும் ஓடுகிறது?

காரணங்களைச் சுருக்கமாகச் சொன்னால்:

• ரகசியம் நம்மிடம் இருப்பதால் திரும்பப் பார்க்கலாம்.
• வசனம் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று கிடைக்கிறது.
• மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து கூச்சமில்லாமல் பார்க்கலாம்.
• காட்சிகளைத் துண்டாக வெட்டினாலும் தனியாக நிற்கின்றன. அதனால் ரேடியோ, கேசட், காமெடி சேனல், ஷார்ட்ஸ், மீம் என்று எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்குகின்றன.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான காரணம், அந்தப் பொய்களைச் சொல்ல வைத்த நிபந்தனைகள் இன்னும் மாறவில்லை என்பதுதான்.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. வேலைக்கு வரும் இளைஞர்கள் ஆவடி, சேக்காடு, இந்துக் கல்லூரி ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். சென்னையிலும் புறநகரிலும் வீடு தேடிய எவருக்கும் இந்தக் கேள்விகள் தெரியும்: கல்யாணம் ஆச்சா? ஃபேமிலியா, பேச்சிலரா? சைவமா, அசைவமா? எந்த ஊர், என்ன ஆளுங்க? கேள்வி வந்ததும் சிலர் இல்லாத தங்கையை வரவழைக்கிறார்கள். சிலர் அடுத்த மாதம் கல்யாணம் என்கிறார்கள். சிலர் அன்று மட்டும் சைவமாகிறார்கள். 'மிஸ்ஸியம்மா' வெளியாகி 70 வருஷம் ஆகிவிட்டது. பொய்க் கணவன் மனைவிக்கு இன்னும் தேவை இருக்கிறது.

2022-ல் வந்த 'லவ் டுடே' இதைப் புரிந்துகொண்ட படம். பெண்ணின் அப்பா சத்யராஜ் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார்: காதலர்கள் இருவரும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒட்டு மீசை இல்லை, மாமி வேஷம் இல்லை. வேஷம் எல்லாம் போனுக்குள் இருக்கிறது, இருவருக்குமே. பாலையாவின் நாற்காலியில் சத்யராஜ் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். பழைய படங்களில் ஆணின் பொய் மட்டும் வெளியே வந்தது. இதில் பெண்ணின் ரகசியமும் வெளியே வருகிறது. அந்த ஒரு மாற்றத்தில்தான் காலம் தெரிகிறது.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் மீசை விழும், விக் கழலும், எல்லோரும் ஒரே ஹாலில் கூடுவார்கள். ஏமாந்தவர் முதலில் கத்துவார், பிறகு மன்னிப்பார். நிஜத்தில் பொய் வெளியே வந்தால் வேலை போகும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், சில இடங்களில் அதைவிட மோசமானதும் நடக்கும். உண்மையைச் சொன்ன பிறகும் மன்னித்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு மாமனார், ஒரு முதலாளி, ஒரு வீட்டுக்காரர் இரண்டரை மணி நேரத்துக்காவது கிடைக்கிறாரே! சேக்காட்டு ஹாலில் தாத்தா, அம்மா, பையன் மூவரும் வசனம் தெரிந்தும் கடைசி வரை உட்கார்ந்திருப்பது அந்த மன்னிப்பைப் பார்க்கத்தான்.